கடல் கடந்து வந்த ஊசி



மாமல்லபுரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே பெரும்பாறை ஒன்றின் முகப்பு முழுவதையும் நிரப்பிக்கொண்டு, யானைகளும் நாகர்களும் தேவர்களும் நிற்கும் சிற்பத் தொகுதி ஒன்று உண்டு. அருச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவம் என்பர் வேறு சிலர். அந்த வழக்கு இன்று நமக்கு வேண்டா. எலும்பும் நரம்பும் தோன்ற, ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் ஒருவனை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கீழே அவனைப் போலவே முன்னங்கால்களை உயர்த்தி நிற்கும் பூனையையும் நினைவில் கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பாறையின் முன் நின்றேன். ஆண்டுதோறும் செய்து வந்த வேலைதான். “அதோ, அந்தத் தவசியைப் பாருங்கள்” என்று வலக்கையை உயர்த்தினேன். கை தோளளவுக்குமேல் எழவில்லை. யாரோ கயிறு கட்டிப் பின்னின்று இழுப்பதுபோல் இருந்தது. மீண்டும் முயன்றேன். வலி கண்ணை இருளச் செய்தது. இடக்கையால் குடையை எடுத்துச் சுட்டிக் காட்டினேன். அப்பொழுது பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன், “பூனைகூடக் கையைத் தூக்குகிறது, நம் ஐயாவால் முடியவில்லையே!” என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அந்தத் தோள் எனக்கு ஒரு வரலாற்றுப் பாடத்தைக் கற்பித்தது. மருத்துவன் அல்லாத நான் இன்று மருத்துவத்தைப்பற்றிப் பேசத் துணிவது அதனாலேதான். ஒரு நோயும் ஒரு ஊசியும் நாடுகளைக் கடந்து வந்த கதை இது. அக்கதையின் சில ஏடுகள் நம்முடைய செங்கல்பட்டுக் கடற்கரையிலேயே கிடக்கின்றன.

முதலில் நோயைப்பற்றிக் கூறிவிடுகிறேன். தோள் என்பது கிண்ணத்தில் பந்து பொருந்தியது போன்ற மூட்டு. உடலின் மூட்டுகளுள் எல்லாத் திசைகளிலும் மிகுதியாகச் சுழல வல்லது இதுவே. பந்தையும் கிண்ணத்தையும் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. கை தடையின்றிச் சுழல வேண்டுமானால் அவ்வுறை தளர்ந்து மடிப்புகளோடு இருத்தல் வேண்டும். சிலருக்கு அவ்வுறை அழற்சியுற்றுத் தடித்துச் சுருங்கிவிடுகிறது. அப்பொழுது கை மேலே எழாது, முதுகுப்புறம் வளையாது. சட்டையை மாட்டுவதும், தலை வாருவதும், பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்குவதும் பெரும்பாடாகிவிடும். இதனை மக்கள் தோள்பட்டை இறுக்கம் என்பர். நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டோரிடம் இது மிகுதி. ஆண்களைவிடப் பெண்களைச் சற்று மிகுதியாகப் பற்றும். நீரிழிவு உடையோரை விரும்பி வந்து பற்றும். முதலில் வலி, பின்பு இறுக்கம், பின்பு மெல்ல மெல்லத் தளர்ச்சி என மூன்று நிலைகளில் இது நடைபெறும். முழுவதும் நடந்து முடிய ஓராண்டு முதல் மூன்றாண்டுகள்வரை ஆகும். சிலருக்கு அதற்குமேலும் ஆவதுண்டு.

இந்நோய் புதியதன்று. சுசுருதரின் நூலில் ‘அவபாகுகம்’ என்னும் பெயரால் ஒரு வாத நோய் கூறப்படுகிறது. தோளிடத்துத் தங்கிய வாயு அவ்விடத்துப் பிணிப்பை உலர்த்தி, நரம்புகளைச் சுருக்கிக் கையை முடக்கும் என்பது அதன் இலக்கணம். நம் சித்த மருத்துவர்கள் எண்பது வகை வாதங்களுள் ஒன்றாகிய ‘கும்ப வாதம்’ என்பதை இதனோடு ஒப்பிடுவர். சீனரும் ஜப்பானியரும் இதற்கு ‘ஐம்பது வயதுத் தோள்’ எனப் பொருள்படும் பெயரை இட்டனர். வயதைச் சொல்லி நோயைச் சுட்டிய அப்பெயர் எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! மேனாட்டில் 1872-ஆம் ஆண்டு துய்ப்ளே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதனைத் தனி நோயாக விளக்கினார். 1934-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ‘உறைந்த தோள்’ என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் வழங்குவது அப்பெயரே.

காட்மனைப்பற்றி இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சை முடிந்த பின்னும் தொடர்ந்து கவனித்து, நலம் பெற்றாரா இல்லையா, இல்லையெனில் தவறு எங்கே என்று எழுதி வைத்தல் மருத்துவனின் கடமை என்று வற்புறுத்தியவர் அவர். இதனை அவருடைய தோழர்கள் விரும்பவில்லை. அவர் பெரிய மருத்துவமனைப் பதவியை விட்டு விலகினார்; தாமே சிறு மருத்துவமனை ஒன்றையும் நடத்தினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய நோயாளிகள் 337 பேர். அவர்கள் சிகிச்சையில் தாம் கண்ட பிழைகள் 123 என அவரே அச்சிட்டு வெளியிட்டார். தம் பிழையைத் தாமே எண்ணிக் காட்டிய அந்தப் பெருந்தகையின் அளவுகோலை இப்பேச்சின் முடிவில் நாமும் பயன்படுத்தப் போகிறோம்.

இனி ஊசியின் கதைக்கு வருவோம். உடம்பின் குறித்த சில இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செருகி நோய் தீர்க்கும் முறை சீன நாட்டில் வளர்ந்தது. இன்று அக்குபங்சர் என்று வழங்கப்படுவது அதுவே. மனித உடலில் ‘சி’ என்னும் உயிராற்றல் குறித்த தடங்களில் ஓடுகிறது. அவ்வோட்டம் தடைப்பட்டால் நோய் வரும். ஊசி அத்தடையை நீக்கும் என்பது பழஞ்சீனர் கொள்கை. 1973-இல் மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறையிலிருந்து பட்டில் எழுதிய மருத்துவ ஏடுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் தடங்கள் உண்டு, மூலிகையை எரித்துச் சூடிடும் முறையும் உண்டு, ஊசி இல்லை. அதனை அடுத்த ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குள், கி.மு. 113-இல் மறைந்த லியு செங் என்னும் இளவரசனின் கல்லறையில் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த ஒன்பது ஊசிகள் வைக்கப்பட்டிருந்தன. ஆகவே எந்தக் கலையும் ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்குவதில்லை. படிப்படியாகவே வளர்கிறது என்பதை உணர்கிறோம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் குவாங்பு மீ என்னும் அறிஞர் ஊசி மருத்துவத்துக்கெனத் தனி நூல் தொகுத்தார். அவர் தாமே வாத நோயால் வருந்தியவர். தம் நோய் தம்மை நூலாசிரியராக்கிற்று என்று அவரைப்பற்றிச் சொல்லலாம்.

நம் தொண்டைநாட்டுக்கும் சீனத்துக்கும் தொடர்பு உண்டா? ஐயமின்றி உண்டு. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப்பற்றி எழுதி வைத்தார். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எடுப்பித்தவன் எனக் கருதப்படும் இராசசிம்ம பல்லவன், கி.பி. 720-ஆம் ஆண்டு தாங் மரபுப் பேரரசனிடம் தூதனுப்பினான் என்பதைச் சீனக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. தன் யானைப் படைக்கு ஒரு பெயர் சூட்டித் தருமாறு அவன் வேண்டினான். பேரரசனும் நற்பண்பைப் போற்றும் படை எனப் பொருள்படும் பெயரை அளித்தான். அக்காலத்துத் தாங் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி மருத்துவத்துக்கெனத் தனிப் பேராசிரியரும் மாணவரும் இருந்தனர்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றாசிரியன் நின்று நிதானிக்க வேண்டும். தூதர் சென்றனர் என்பது உண்மை. அங்கே ஊசி மருத்துவம் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் தூதர்கள் ஊசியைக் கண்டனர், கற்றனர், கொணர்ந்தனர் என்பதற்குச் சான்று இல்லை. போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்று சீனருக்கு மருத்துவம் கற்பித்தார் என்றும், போகர் சீனத்திலிருந்து வந்தார் என்றும், நம் வர்மக் கலையே அங்கே ஊசிக் கலையாயிற்று என்றும் மேடைகளில் பேசக் கேட்கிறோம். அவை மரபுக் கதைகள். கதை என்ற அளவில் இனியவை. வர்மப் புள்ளிகளும் ஊசிப் புள்ளிகளும் சில இடங்களில் ஒத்திருக்கலாம். மனித உடல் எங்கும் ஒன்றுதானே! ஒற்றுமை கண்டவுடன் உறவு கொண்டாடுதல் வரலாறாகாது.

சான்றுள்ள ஊசி ஒன்று உண்டு. ஆனால் அது எதிர்த்திசையில் சென்ற ஊசி. கண்ணில் புரை மறைத்தால், கூரிய கருவியால் அப்புரையை மெல்ல விலக்கும் முறையைச் சுசுருதர் நூல் விரித்துரைக்கிறது. தாங் காலச் சீனத்தில் இந்தியக் கண் மருத்துவர்கள் இம்முறையைச் செய்து வந்தனர். லியு யூசி என்னும் புகழ்பெற்ற சீனக் கவிஞர் தம் கண்ணோய்க்காக இந்தியத் துறவியாகிய மருத்துவர் ஒருவரை நாடிக் கவிதையே எழுதியிருக்கிறார். ஆக, நாம் ஓர் ஊசியைக் கொடுத்தோம். ஆயிரம் ஆண்டுகள் கழித்து வேறோர் ஊசியைப் பெற்றோம். கொண்டும் கொடுத்தும் வாழ்வதே நாகரிகம்.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சில மைல் சென்றால் சதுரங்கப்பட்டினம் வரும். அங்கே டச்சுக்காரர் கட்டிய செங்கற்கோட்டை சிதைந்து நிற்கிறது. உள்ளே பண்டசாலைகளும், பூவேலை செதுக்கிய கல்லறைகளும் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கரையில் வாங்கிய துணிகள் கப்பலேறிப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குச் சென்றன. அங்கிருந்து அக்கம்பெனியின் கப்பல்கள் ஜப்பானுக்கும் சென்றன. நம் கரையிலிருந்து போன கோடிட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் ‘சந்தோமே’ என்று பெயரிட்டனர். மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயர்தான் அது!

அதே கம்பெனியில் வேலைபார்த்தவர் வில்லம் டென் ரைனே என்னும் இளம் மருத்துவர். அவர் 1674-இல் ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள தெசிமா என்னும் சிறு தீவை அடைந்தார். ஈராண்டுக் காலம் அங்கே தங்கினார். ஜப்பானிய மருத்துவர்கள் சீன முறைப்படி ஊசி செருகுவதை நேரில் கண்டார். தடங்களைக் காட்டும் படங்களைப் பெற்றார். 1683-இல் லண்டனில் அவருடைய இலத்தீன் நூல் வெளிவந்தது. ஐரோப்பியருக்கு இக்கலையை விரிவாக அறிவித்த முதல் நூல் அது. ஊசி, குத்துதல் என்னும் இரண்டு இலத்தீன் சொற்களைச் சேர்த்து அவர் அமைத்த பெயரே இன்றைய அக்குபங்சர் என்பதற்கு மூலம். அந்நூலின் தலைப்பில் முதலில் நிற்கும் பொருள் எது தெரியுமா? மூட்டுவாதம்! மூட்டு வலியைத் தீர்க்கும் வழி தேடியே அந்த ஐரோப்பியர் கீழ்த்திசை ஊசியைக் கையில் எடுத்தார். ஆனால் அவரும் ஒரு தவறு செய்தார். சீனர் கூறிய தடங்களை இரத்தக் குழாய்கள் என்றே எண்ணிக்கொண்டார். பிறர் அறிவை நம் சொற்களில் பெயர்க்கும்பொழுது நேரும் இடர்ப்பாடு அது.

இத்துணைப் பழமையான கலை சீனத்தில் என்றும் ஒரே நிலையில் போற்றப்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 1822-இல் சீனப் பேரரசனே தன் மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி மருத்துவத்தை நீக்கினான். 1929-இல் பழைய மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கும் தீர்மானம் ஒன்று அந்நாட்டில் எழுந்தது; மருத்துவர்கள் கிளர்ச்சி செய்து அதனைத் தடுத்தனர். 1950-களில் சீன அரசு, மேனாட்டு மருத்துவமும் சீன மருத்துவமும் ஒன்றோடொன்று கைகோத்தல் வேண்டும் என்னும் கொள்கையை மேற்கொண்டது. மருத்துவர் குறைவு, மக்கள் பலகோடி என்ற நெருக்கடி அதற்கு ஒரு காரணம். இணைந்த சிகிச்சை என்று இன்று நாம் கூறுவது இவ்வாறு தேவையிலிருந்து பிறந்தது.

இந்தியாவுக்கு அது வந்த வழி உருக்கமானது. 1938-ஆம் ஆண்டு, ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீன மக்களுக்கு உதவ, இந்தியத் தேசியக் காங்கிரசு ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அட்டல், சோல்கர், முகர்ஜி, பாசு, கோட்னிஸ் என்போர் அவர்கள். சோலாப்பூரில் பிறந்த துவாரகாநாத் கோட்னிஸ் போர்முனையிலேயே உழைத்து, 1942 டிசம்பர் 9-இல், முப்பத்திரண்டு வயதில், சீன மண்ணிலேயே உயிர்நீத்தார். அவருடைய தோழர் விஜயகுமார் பாசு தாயகம் திரும்பினார். 1950-களின் இறுதியில் அவர் மீண்டும் சீனம் சென்று ஊசி மருத்துவத்தை முறையாகக் கற்றார். 1959 முதல் கல்கத்தாவில் அதனைச் செய்யத் தொடங்கினார். மருந்து கொடுக்கச் சென்றவர் மருத்துவம் பெற்று வந்தார்! கற்றுத்தேர்ந்த ஆங்கில மருத்துவராகிய அவர், வயது முதிர்ந்த பின்னும் மாணவராக அமர்ந்தார் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1996-இல் மேற்கு வங்கம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2019-இல் இந்திய அரசும் இதனைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றது.

ஏற்பு வேறு, பயன் வேறு. இறுகிய தோளுக்கு ஊசி உண்மையில் உதவுமா? இங்கேதான் காட்மனின் அளவுகோல் வேண்டும். இந்நோய் பலருக்குக் காலப்போக்கில் தானே தளரும் என்றேன் அல்லவா? ஆகவே ‘ஊசி போட்டேன், குணமாயிற்று’ என்று ஒருவர் சொல்வது சான்றாகாது. ஊசி பெற்றவரையும் பெறாதவரையும் அருகருகே வைத்து ஒப்பிடல் வேண்டும். 2001-இல் ஹாங்காங் மருத்துவர்கள் அவ்வாறே செய்தனர். தோள் இறுகிய 35 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குத் தோள்பயிற்சி மட்டும். மற்றதற்குப் பயிற்சியோடு ஊசியும். ஆறு வாரங்கள் கழித்துத் தோளின் வலியையும் அசைவையும் மதிப்பெண்ணிட்டு அளந்தனர். பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு முன்னேற்றம். இரண்டும் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 76 விழுக்காடு. இருபதாவது வாரத்திலும் அந்த வேறுபாடு நிலைத்திருந்தது.

மகிழ்ச்சி தரும் முடிவுதான். ஆயினும் 35 பேர் என்பது நம் வகுப்பறை ஒன்றைக்கூட நிரப்பாத தொகை. ஊசி பெறாதவர்களுக்குத் தாம் அதனைப் பெறவில்லை என்பது தெரியும். அந்த நினைவும் விளைவை மாற்றக்கூடும். 2010-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, நாட்பட்ட தோள்வலி உடைய 424 பேரை மூன்று குழுக்களாக்கியது. முறையான ஊசி ஒரு குழுவுக்கு; புள்ளியல்லாத இடத்தில் போலி ஊசி ஒரு குழுவுக்கு; வழக்கமான மருத்துவம் ஒரு குழுவுக்கு. சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் கழித்து, வலி பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 65, 24, 37 விழுக்காட்டினர். இவ்வாய்வு தோள்வலி பலவற்றையும் சேர்த்து நோக்கியதாதலின், இறுகிய தோளுக்கு இதனை அப்படியே பொருத்துதல் கூடாது. அதற்கு முன்பு 2005-இல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் குழுவோ, ஆய்வுகள் சிலவே, சிறியனவே. உறுதியாக ஒன்றும் கூறுவதற்கில்லை என்றது. சீனர் கூறிய உயிராற்றல் தடங்களை உடற்கூற்று நூலார் எவரும் அறுத்துக் கண்டதில்லை. ஆயினும் ஊசி படும்பொழுது உடல் தானே சுரக்கும் வலிநீக்கிப் பொருள்கள் மிகுகின்றன என்பதற்கு 1970-கள் முதல் சான்றுகள் கிடைத்து வருகின்றன. எனவே கொள்கை தவறாயினும் செயல் பயன்தரலாம். செயல் பயன்தருவதால் கொள்கை மெய்யாகிவிடாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கல்வி.

இனி என் கதையை முடிக்கிறேன். எலும்பு மருத்துவர் என் தோளைச் சோதித்தார்; நிழற்படம் எடுத்தார்; இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் பார்த்தார். நீரிழிவு இருப்பது அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது. மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார். பத்து நாளில் பயன் காணாத நான் பொறுமையிழந்தேன். ஊசி போடுபவர் ஒருவரைப்பற்றி அண்டை வீட்டார் புகழ்ந்துரைத்தார், அவரிடம் ஓடினேன். அவர், “ஊசி இருக்க மாத்திரை எதற்கு? சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடுங்கள்” என்றார். முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்கு ‘ஏன், எதற்கு’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்த நான், ஏன் என்று கேட்கவில்லை. மூன்று வாரம் நிறுத்தினேன். ஒரு நாள் காலை வணக்கக் கூட்டத்தில் தலை சுழன்று விழப்போனேன். உடற்பயிற்சி ஆசிரியர் தாங்கிக்கொண்டார். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது. அந்த நாளை நினைத்தால் இன்றும் நாணுகிறேன்.

மீண்டும் மருத்துவரிடம் சென்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சினங்கொள்ளவில்லை. “ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் பயின்றவரிடம் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள், பயிற்சியை விடாதீர்கள். அவர் செய்வது எனக்குத் தெரியட்டும்; நான் செய்வது அவருக்குத் தெரியட்டும்” என்றார். இணைந்த சிகிச்சை என்பதற்கு இதனினும் நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

இரண்டாம் முறை நான் நாடியது இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற இளம்பெண் ஒருவரை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்கிறேனா என்று முதலில் கேட்டார். ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஊசி உறையை என் கண்முன்னே பிரித்தார். தோளருகே ஊசி ஆழச் சென்றால் நுரையீரலைத் தொட்டுவிடக்கூடும். எனவே ஆழமும் கோணமும் அறிந்தே செருக வேண்டும் என்று விளக்கினார். தோளில் சில ஊசிகள். காலில், முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசி. “நோய் தோளில்; ஊசி காலிலா?” என்றேன். “சீனர் வழக்கம் அது, ஐயா. காலில் ஊசி இருக்கும்பொழுதே கையை மெல்ல அசையுங்கள்” என்றார். அசைத்தேன். அந்த அரைமணி நேரம் வலி சற்று அடங்கியிருந்தது. அவ்விடைவெளியில் பயிற்சி செய்ய முடிந்தது. குனிந்து நின்று கையைக் கடிகார ஊசல்போல் ஆட்டும் பயிற்சியும், சுவரில் விரல்களை எறும்புபோல் மேலே ஏற்றும் பயிற்சியும் நாள்தோறும் செய்தேன். விரல் எட்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டுத் தேதியும் எழுதினேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? ஏழு மாதத்தில் அந்தச் சுவரில் கோடுகள் ஒரு முழத்துக்குமேல் ஏறியிருந்தன.

எது என்னைக் குணப்படுத்தியது? ஊசியா, பயிற்சியா, சர்க்கரை அடங்கியதா, காலமா? மெய்யாகவே பிரித்துச் சொல்ல இயலாது. நான் ஒருவன், ஒருவனைக்கொண்டு விதி வகுக்கலாகாது. ஊசி வலியின் கதவைச் சற்றுத் திறந்தது. அக்கதவின் வழியே நடந்து சென்றது பயிற்சி என்றே நான் எண்ணிக்கொள்கிறேன். கதவு திறந்தும் நடவாதவன் அறையிலேயே இருப்பான்.

செங்கல்பட்டில் 1965-இல் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. அண்மை ஆண்டுகளில் அதே ஊரில் யோகாவும் இயற்கை மருத்துவமும் கற்பிக்கும் அரசு நிறுவனம் ஒன்றும் எழுந்துள்ளது. இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். தாம்பரத்தில் 2005 முதல் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் நடைபெறுகிறது. ஒரே மாவட்டத்தில் மூன்று அறிவு மரபுகள் அண்டை வீடுகளாக அமைந்திருக்கின்றன. அவை ஒன்றையொன்று பழித்துக்கொண்டும் வாழலாம். ஒரே நோயாளியை ஒருங்கே அமர்ந்து நோக்கி, விளைவை எண்ணி எழுதிக்கொண்டும் வாழலாம். நாளை அந்த இருக்கைகளில் அமரப்போகிறவர்கள் நீங்கள். எந்த வழி என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்து, அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்றார்கள். செய்தித்தாளில் அப்படத்தைக் கண்டபொழுது எனக்கு இராசசிம்மனின் தூதர் நினைவும், கோட்னிசின் நினைவும் வந்தன. அரசுகளின் நட்பு ஏறும், இறங்கும். நாடுகள் எல்லைக்காகப் பொரும். மக்களின் வலியைத் தீர்க்கும் அறிவு மட்டும் எந்தக் கப்பலிலேனும் ஏறிக் கரை சேர்ந்துவிடும். அது யாருடையது என்று கேட்பதற்குமுன், அது மெய்யா, அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேளுங்கள்.

சென்ற ஆண்டு என் பேத்தியோடு மீண்டும் அந்தப் பாறையின் முன் நின்றேன். வலக்கையை உயர்த்தித் தவசியைச் சுட்டிக் காட்டினேன். கை எழுந்தது, அவன் கையளவு நேராக எழவில்லை, காதளவு எழுந்தது. முதுகுப்புறம் இன்னும் முழுதும் வளைவதில்லை. “தாத்தா, அந்தப் பூனையைப் பாருங்கள்!” என்றாள் குழந்தை. பார்த்தேன். இம்முறை நான் முதலில் சிரித்தேன்.